படம் சொல்வதெல்லாம் பாடமா?



ஒரு நிமிடம் கண்களை மூடிக்கொண்டு திருவள்ளுவரை நினைத்துப் பாருங்கள். என்ன தெரிகிறது? நீண்ட தாடி, உச்சியில் முடிந்த கொண்டை, ஒரு கையில் எழுத்தாணி, மறு கையில் ஓலைச்சுவடி. சரிதானே? தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் இதே விடைதான் வரும்.

ஆனால் வள்ளுவர் எப்படி இருந்தார் என்பது யாருக்கும் தெரியாது. அவரை நேரில் பார்த்து வரைந்த ஓவியம் எதுவும் நம்மிடம் இல்லை. நாம் அறிந்த அந்த உருவம், ஓவியர் கே.ஆர். வேணுகோபால் சர்மா தம் கற்பனையில் கண்டு வரைந்தது. 1964-ல் அந்த ஓவியம் சட்டமன்றத்தில் திறந்து வைக்கப்பட்டது. பிறகு அரசு அலுவலகம், பாடநூல், பேருந்து என்று எங்கும் பரவிவிட்டது. இன்று தாடியில்லாத வள்ளுவரை ஒருவர் வரைந்தால், "இது வள்ளுவர் இல்லை" என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

இதை எந்த ஆசிரியரும் பாடமாக நடத்தவில்லை. எந்தத் தேர்விலும் கேட்கவில்லை. ஆனாலும் கற்றுக்கொண்டோம். படம் கற்பிக்கும் முறை இதுதான். ஒரு வாக்கியத்தைப் படித்தால் "அப்படியா?" என்று கேட்கத் தோன்றும். படத்தைப் பார்த்தால் அப்படிக் கேட்கத் தோன்றுவதில்லை. பார்த்தாயிற்று, நம்பியாயிற்று, அவ்வளவுதான்.

வள்ளுவரின் தாடியால் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் இயற்கையைப் பற்றியும் ஆபத்தைப் பற்றியும் படங்கள் இதே முறையில்தான் நமக்குக் கற்பித்துக்கொண்டிருக்கின்றன. அங்கே நஷ்டம் உண்டு. சில சமயம் அது உயிர் நஷ்டம். ஆகவே, வாக்கியத்தைக் கேள்வி கேட்டுப் படிப்பது போலப் படத்தையும் கேள்வி கேட்டுப் படிக்க வேண்டும், அதைப் பள்ளியிலேயே பழக வேண்டும் என்பது என் கருத்து. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அது ஒன்றைத்தான்.

உங்கள் சுவரில் எங்கள் ஊர்

நான் இருப்பது விருதுநகர் மாவட்டத்தில். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் வீட்டுச் சுவரில் எங்கள் மாவட்டம் தொங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். தினக் காலண்டரின் அடியில் அச்சகத்தின் பெயரைப் பாருங்கள். சிவகாசி என்று இருக்கும்.

சிவகாசி அச்சுக்குப் பேர் போனது எப்படி? மழை குறைந்த, வறண்ட பூமி எங்களுடையது. விவசாயத்தை நம்பி வாழ முடியாத நிலையில், 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அடுத்த ஆண்டே சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. பின்னர் பட்டாசு வந்தது. வறண்ட காற்று இரண்டு தொழிலுக்கும் ஏற்றதாக இருந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். லேபிள் அச்சடித்த இயந்திரம் சும்மா நிற்கலாமா? காலண்டர் வந்தது, டைரி வந்தது, நோட்டுப் புத்தகத்தின் அட்டை வந்தது, பள்ளிக்கூடச் சுவரில் மாட்டும் படங்களும் வந்தன.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் தீப்பெட்டி வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெயரைப் படித்து வாங்க முடியாதவர்கள் படத்தைப் பார்த்து வாங்கினார்கள். "கோழி மார்க் கொடுங்கள்", "அணில் மார்க் கொடுங்கள்" என்று இன்றைக்கும் பட்டாசுக் கடையில் கேட்கிறோமே, அது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான். எழுத்து எட்டாத இடத்துக்கும் படம் எட்டும் என்பதை எங்கள் ஊர் வியாபாரிகள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள்.

பக்கத்தில் கோவில்பட்டியில் கொண்டையராஜு (1898–1976) என்ற ஓவியர் இருந்தார். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் சென்றன. இன்று நம் மனத்தில் இருக்கும் லட்சுமியின் முகத்தில் அந்த ஓவியர்களின் தூரிகைக்கும் பங்கு உண்டு. ஒரு சிறு பகுதியில் வரைந்து அச்சடித்த படங்கள், கோடிக்கணக்கான மனிதர்களின் மனக்கண்ணை அமைத்திருக்கின்றன. சாதாரண சக்தியா இது!

கோடை ஏன் வருகிறது?

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் வகுப்புக்கு வரும் மாணவர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு: "கோடைக்காலம் ஏன் வருகிறது?" பெரும்பாலோர் தயங்காமல் சொல்லும் விடை: "பூமி சூரியனுக்கு அருகில் வருவதால்."

இது தவறான விடை. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். அப்போது தூரம் சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில். அப்போது சுமார் 15 கோடியே 21 லட்சம் கிலோமீட்டர். நாம் மார்கழிக் குளிரில் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும்போதுதான் சூரியன் நமக்கு மிக அருகில் இருக்கிறது! மேலும், தூரம்தான் காரணம் என்றால் பூமி முழுவதற்கும் ஒரே சமயத்தில் கோடை வர வேண்டும். ஆனால் ஜனவரியில் டெல்லி குளிரில் நடுங்கும்போது ஆஸ்திரேலியாவில் வெயில் கொளுத்துகிறது.

நம் மாணவர்கள் மட்டும் இப்படிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 1987-ல் அமெரிக்காவில் ஒரு விவரணப் படம் எடுத்தார்கள். புகழ்பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா நாளில், மாணவர்களும் ஆசிரியர்களும் பழைய மாணவர்களுமாக 23 பேரைப் பிடித்து, பருவகாலம் ஏன் வருகிறது, அல்லது நிலவு ஏன் தேய்ந்து வளர்கிறது என்று கேட்டார்கள். 21 பேர் தவறான விளக்கம் சொன்னார்கள்!

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது? நெருப்புக்கு அருகில் போனால் சுடும் என்ற அன்றாட அனுபவம் ஒரு காரணம். இன்னொரு காரணம் படம் என்பது என் எண்ணம். பல பாடநூல்களிலும் சுவர்ப்படங்களிலும் பூமியின் பாதை கோழிமுட்டையை நசுக்கியது போல நீண்டு கிடக்கும். அதைப் பார்க்கும் குழந்தை என்ன நினைக்கும்? பூமி சில மாதம் சூரியனை ஒட்டிச் செல்கிறது, சில மாதம் வெகு தூரம் போய்விடுகிறது என்றுதானே?

உண்மையில் பூமியின் பாதை எப்படி இருக்கிறது? காம்பஸை எடுத்து 10 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். சூரியனை மையத்திலிருந்து 1.7 மில்லிமீட்டர் தள்ளிக் குறியுங்கள். முடிந்தது! அந்த வட்டத்துக்கும் பூமியின் உண்மையான நீள்வட்டத்துக்கும் உள்ள வித்தியாசம், அந்த அளவில் ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை.

அப்படியானால் ஓவியர் பொய் வரைந்தாரா? இல்லை. சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று சாய்வாகப் பாருங்கள். வட்டத் தட்டு நீள்வட்டமாகத் தெரியும். ஓவியர் பூமியின் பாதையை அப்படிச் சாய்வாகப் பார்த்து வரைந்தார். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதைக் காட்ட அந்தக் கோணம்தான் வசதி. ஆனால் "நான் இங்கிருந்து பார்க்கிறேன்" என்று படத்தில் அவர் எழுதவில்லை. நாமும் கேட்கவில்லை.

சரி, உண்மையான காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பள்ளி மைதானத்தில் 1 மீட்டர் நீளமுள்ள குச்சியைச் செங்குத்தாக நட்டு, சூரியன் உச்சிக்கு வரும்போது நிழலை அளந்து வாருங்கள். விருதுநகரில் டிசம்பர் 21-ஆம் தேதி நிழல் வடக்குப் பக்கமாக சுமார் 65 செ.மீ. நீளம் இருக்கும். சித்திரை பிறக்கும் ஏப்ரல் 14-ஐ ஒட்டி ஏறக்குறைய மறைந்தே போகும். சூரியன் நேர் உச்சியில்! ஜூன் 21-ல் தெற்குப் பக்கமாக சுமார் 25 செ.மீ. விழும். பூமியின் அச்சு 23½ டிகிரி சாய்ந்திருப்பதால் சூரியக் கதிர் விழும் கோணம் மாறுகிறது. பகலின் நீளமும் மாறுகிறது. பருவகாலத்துக்கு அடிப்படை அதுதான். பத்து ரூபாய்க் குச்சி ஒன்று, வண்ணப் படம் சொல்லாததைச் சொல்லிவிடுகிறது பார்த்தீர்களா?

தாளுக்குள் அடங்காத வானம்

இன்னொரு படம் பார்ப்போம். சூரியனும் எட்டுக் கிரகங்களும் பந்துகள் போல வரிசையாக நிற்கும் சுவர்ப்படம் உங்கள் வகுப்பறையில் இருக்கலாம். அதை அளவு மாறாமல் வரைய முடியுமா? கணக்குப் போடுவோம்.

சூரியனை 10 செ.மீ. விட்டமுள்ள பந்து என்று வையுங்கள். பூமி 1 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான புள்ளி. ஒரு கடுகைவிடச் சிறியது. அதைச் சூரியனிலிருந்து 10¾ மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். உங்கள் வகுப்பறையே போதாது. கடைசிக் கிரகமான நெப்டியூனை வைக்க 320 மீட்டர் தாண்டிப் போக வேண்டும், தெருக்கோடிக்கே போய்விடுவோம். மாறாக, 75 செ.மீ. நீளமுள்ள தாளில் நெப்டியூன் வரை அடக்கினால், சூரியனே கால் மில்லிமீட்டர் புள்ளியாகிவிடும். பூமி கண்ணுக்குத் தெரியாது. அப்படி ஒரு படத்தை அச்சடித்தால் வெறும் கறுப்புத் தாள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார்!

எனவே படம் போடுபவர் அளவை மாற்றித்தான் ஆக வேண்டும். அதில் தவறில்லை. மாற்றியதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு. விண்வெளி எவ்வளவு வெறுமையானது என்ற மாபெரும் உண்மை அந்த மௌனத்தில் தொலைந்துபோகிறது.

உலகப் படமும் இப்படித்தான். மெர்க்கேட்டர் என்பவர் 1569-ல் மாலுமிகளுக்காக ஒரு முறையில் உலகப் படம் வரைந்தார். திசை மாறாமல் கப்பல் செலுத்த அது மிக உதவியானது. ஆனால் துருவத்தை நெருங்க நெருங்க நிலப்பரப்பு அதில் பெரிதாகிக்கொண்டே போகும். அந்தப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல 14 மடங்கு பெரியது. நம் இந்தியாகூடக் கிரீன்லாந்தைவிட ஒன்றரை மடங்கு பெரியதுதான். கடலோடிக்கு வரைந்த படத்தை வகுப்பறையில் மாட்டினால், எந்த நாடு பெரியது என்பதையே பிள்ளைகள் தவறாகக் கற்றுக்கொள்வார்கள்.

படத்தை வெறுக்க வேண்டுமா?

"அப்படியானால் படமே வேண்டாம் என்கிறீர்களா, ஐயா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லவே இல்லை! படமில்லாமல் விஞ்ஞானம் இல்லை. இதற்கு அச்சுத் தொழிலோடு தொடர்புள்ள ஒருவரையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

மைக்கேல் ஃபாரடே லண்டனில் ஓர் ஏழைக் கொல்லரின் மகன். 1805-ல், 14 வயதில், ஒரு புத்தகக் கடையில் பைண்டிங் வேலை கற்கச் சேர்ந்து ஏழு ஆண்டுகள் அங்கே இருந்தார். தைக்க வந்த புத்தகங்களை அவர் படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரையைப் படித்தார். ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய ரசாயன நூலைப் படித்தார். படித்ததோடு நின்றாரா? கையிலிருந்த சொற்பக் காசில் சாமான்கள் வாங்கி, புத்தகம் சொல்வது மெய்தானா என்று தாமே சோதனை செய்து பார்த்தார். அதுதான் அவரை விஞ்ஞானியாக்கியது.

அவருக்குக் கணிதப் பயிற்சி மிகக் குறைவு. படமாகவே சிந்தித்தார். காந்தத்தின் மேல் காகிதம் வைத்து இரும்புத்தூளைத் தூவினால் வளைவு வளைவாகக் கோடுகள் தெரியும் அல்லவா? அந்தக் கோடுகளை மனத்தில் வைத்துத்தான் விசைக்கோடுகள் என்ற கருத்தை வளர்த்தார். 1831-ல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். நம் வீட்டு மின்விளக்கு எரிவது அந்தக் கண்டுபிடிப்பால்தான். அவருடைய படத்தைப் பின்னர் மாக்ஸ்வெல் கணிதச் சமன்பாடுகளாக மாற்றினார்.

ஆனால் அதே விசைக்கோட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, "இரண்டு கோடுகளுக்கு நடுவே காந்த விசை இருக்காது" என்று சொல்லும் மாணவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். காந்தப் புலம் எல்லா இடத்திலும் இருக்கிறது. பக்கம் முழுவதையும் கறுப்பாக்க முடியாததால் சில கோடுகளை மட்டும் வரைகிறோம். ஃபாரடேக்குப் படம் சிந்தனையின் தொடக்கம். கேட்காமல் ஏற்றுக்கொள்பவருக்கு அதுவே சிந்தனையின் முடிவாகிவிடுகிறது.

லென்ஸ் வைத்துப் பாருங்கள்

படத்தைச் சோதிப்பது எப்படி? முதலில் அதன் உடலையே சோதியுங்கள். ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து வண்ணக் காலண்டரின் மேல் வைத்துப் பாருங்கள். அழகிய பச்சை இலை காணாமல் போய்விடும்! நீலமும் மஞ்சளுமாகச் சின்னஞ்சிறு புள்ளிகள் தெரியும். ஆப்செட் அச்சில் வழக்கமாக நான்கே மைகள்: பசுநீலம், செங்கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு. ஆயிரம் வண்ணங்களும் இந்த நான்கின் புள்ளிகளை நம் கண் கலந்து பார்ப்பதால் தோன்றுபவை. செய்தித்தாளின் ஓரத்திலும் பிஸ்கட் பாக்கெட்டின் மடிப்பிலும் இந்த நான்கு நிறங்களும் வரிசையாக அச்சாகியிருக்கும், தேடிப் பாருங்கள்.

கைப்பேசியின் திரையில் ஒரு சிறு துளி நீர் விட்டுப் பாருங்கள். அந்தத் துளியே லென்ஸாகும். அங்கே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுதான் இருக்கும். திரையில் தெரியும் மஞ்சள் வாழைப்பழத்தில் மஞ்சள் புள்ளி ஒன்றுகூடக் கிடையாது. சிவப்பும் பச்சையும் சேர்ந்து நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தோன்றுகின்றன. படம் என்பது இயற்கையின் துண்டு அல்ல. யாரோ ஒருவர் செய்தது. செய்ததால், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கலாம்.

என்ன கேட்பது? மூன்று கேள்விகள் போதும். ஒன்று: இது அளவுப்படி இருக்கிறதா? இரண்டு: எங்கிருந்து பார்த்து, யாருக்காக வரைந்தது? மூன்று: எதை விட்டுவிட்டார்கள்?

பட்டாசுப் பெட்டியின் படம்

இந்த மூன்று கேள்விகளையும் எங்கள் ஊர்ப் பட்டாசுப் பெட்டியிடமே கேட்டுப் பார்ப்போம்.

முதல் கேள்வி, அளவு. பச்சைச் சணல் சுற்றிய ஒரு வெடிக்கு 'அணுகுண்டு' என்று பெயர். உள்ளே இருப்பது சில கிராம் வெடிமருந்து. நடப்பது சாதாரண ரசாயன எரிதல். 1945 ஆகஸ்ட் 6-ல் ஹிரோஷிமாவில் விழுந்த அணுகுண்டு சுமார் 15,000 டன் வெடிமருந்துக்குச் சமம். அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உழைப்பைப் பாராட்டி 'குட்டி ஜப்பான்' என்று பெயர் பெற்ற ஊர் சிவகாசி. அந்த ஜப்பான் பட்ட வேதனையின் பெயர் ஒரு விளையாட்டு வெடிக்கு! பெயர் வைத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. ஆனால் தீபாவளிதோறும் அந்தச் சொல்லைச் சிரித்துக்கொண்டே சொல்லிப் பழகும் குழந்தைக்கு, 'அணுகுண்டு' என்ற சொல்லின் எடை குறைந்துவிடுகிறது.

இரண்டாவது கேள்வி, யாருக்காக? ஒரு பெட்டியை எடுத்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். படம் எத்தனை சதுர செ.மீ.? எச்சரிக்கை எத்தனை சதுர செ.மீ.? எச்சரிக்கை எந்த மொழியில் இருக்கிறது? வெடியைக் கொளுத்தும் பிள்ளைக்கு அது படிக்கப் புரியுமா? படம் வாங்குபவருக்காக, எழுத்து சட்டத்துக்காக என்று இருந்தால், கொளுத்துபவருக்காக அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது?

மூன்றாவது கேள்வி, எதை விட்டுவிட்டார்கள்? பெட்டியின் மேல் மத்தாப்புப் பிடித்துச் சிரிக்கும் குழந்தை. அந்த மத்தாப்பைச் செய்த கை படத்தில் இல்லை. ஒரு காலத்தில் தீப்பெட்டி அடுக்கிய கைகளிலும் திரி செருகிய கைகளிலும் குழந்தைகளின் கைகள் ஏராளமாக இருந்தன. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகள் தொடர்பான வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் குழந்தையை வேலைக்கு வைப்பவர் குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தக் குழந்தைகளை எந்த லேபிளிலும் யாரும் வரைந்ததில்லை.

இன்னொன்றும் படத்தில் விடுபடுகிறது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்கள் அல்லர். முதல் வெடிச் சத்தம் கேட்டு, உதவுவதற்காகவும் பார்ப்பதற்காகவும் ஓடியவர்கள். அடுத்த வெடிப்பில் சிக்கிக்கொண்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் ஒன்று கேட்கிறேன். வெடிப்பு என்றால் என்ன என்று நம்மில் பெரும்பாலோருக்குக் கற்றுக்கொடுத்தது எது? சினிமா. சினிமாவில் பெரிய தீப்பிழம்பு எழும்பும். கதாநாயகன் திரும்பிப் பார்க்காமல் நடந்து வருவான். ஒரு வெடியோடு ஆபத்து முடிந்துவிடும். அங்கே காட்டுவது தீயை மட்டும்தான். உண்மை வெடிப்பில் கட்டடத்தை உடைப்பதும் மனிதனைத் தூக்கி எறிவதும் காற்றில் பரவும் அழுத்த அலை. அது கண்ணுக்குத் தெரியாது. கேமராவிலும் அழகாக விழாது. அதனால் சினிமாவில் அதற்கு வேலையில்லை. ஒரு வெடிப்பின் வெப்பமும் சிதறும் பொறியும் பக்கத்து அறையில் இருக்கும் மருந்தைப் பற்றவைக்க நேரம் எடுக்கலாம். அடுத்த வெடிப்பு பத்து நிமிடம் கழித்தும் வரலாம். படத்தில் தெரியாதது இல்லாதது ஆகிவிடாது. இந்த ஒரு வாக்கியத்தை எங்கள் பகுதிப் பிள்ளைகள் எல்லோரும் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். வெடித்த இடத்தை நோக்கி ஓடாதீர்கள். தீயணைப்புப் படையினர் அனுமதிக்கும்வரை விலகி நில்லுங்கள்.

என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆகவே மூன்று யோசனைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, தேர்வு. 'படம் வரைந்து பாகங்களைக் குறி' என்று கேட்கிறோம். இது கைக்கு நல்ல பயிற்சி. அதோடு இன்னொரு கேள்வியும் வரட்டும்: 'இந்தப் படத்தில் எது அளவுப்படி இல்லை? ஏன் அப்படி வரைந்திருக்கிறார்கள்?' இரண்டே மதிப்பெண் கொடுங்கள், போதும். மதிப்பெண் உள்ள இடத்தில் கவனமும் வந்துவிடும். "புத்தகத்தைக் கேள்வி கேட்டால் ஆசிரியர் கோபிக்க மாட்டாரா?" என்று சிலர் அஞ்சலாம். பணிவோடு கேட்கும் கேள்வியை எந்த நல்ல ஆசிரியரும் வெறுக்க மாட்டார். குச்சி நட்டு நிழலை அளந்த நோட்டைக் கையில் கொண்டுபோய்க் கேளுங்கள். மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார்.

இரண்டாவது, அச்சகங்கள். பள்ளிச் சுவர்ப்படம் அச்சடிக்கும்போது ஓரத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: 'இப்படம் அளவுப்படி வரையப்படவில்லை.' ஒரு வரி மைக்கு என்ன செலவாகிவிடப் போகிறது?

அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. பட்டாசு ஆலையில் ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது விதி. அதை நீண்ட வாக்கியமாக எழுதி ஒட்டுவதைவிட, நான்கு மனித உருவங்களை வரைந்து, ஐந்தாவது உருவத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டுக் கதவில் மாட்டினால், படிக்காத பாட்டியும் வடநாட்டிலிருந்து வேலைக்கு வந்த தொழிலாளியும் ஒரு பார்வையில் புரிந்துகொள்வார்கள். ஐந்தாவது ஆளை உள்ளே அனுப்புகிற மேற்பார்வையாளர் அந்தப் படத்தின் முன்னால் நின்றுதான் அனுப்ப வேண்டியிருக்கும். இப்படி ஏற்கெனவே மாட்டியிருக்கும் ஆலைகளுக்கு என் பாராட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் காட்டித் தீப்பெட்டி விற்ற ஊர் இது. அதே திறமையைக் கொண்டு உயிரைக் காக்கவும் இந்த ஊரால் முடியும்.

மூன்றாவது, நீங்கள். 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் கைப்பேசியைக் காட்டினால் காணொளி வரும் குறியீடுகள் அச்சாகியிருந்தன. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. மலையோரக் கிராமத்துப் பிள்ளைக்கும் நல்ல ஆசிரியரின் குரல் கேட்க இவை வழி செய்தன, நல்ல காரியம். ஆனால் அச்சுப் படம் காத்திருக்கும், காணொளி காத்திருக்காது. ஒரு காட்சியைக் கேள்வி கேட்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். ஆகவே காணொளியில் எனக்கு மிகப் பிடித்தது அதை நிறுத்தும் பொத்தான்தான்! ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள். அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பிறகு ஓட விடுங்கள்.

இன்றே தொடங்குங்கள். உங்கள் பாடநூலில் ஏதேனும் ஒரு படத்தை எடுத்து, அது சொல்வதை ஒரு பக்கமும் சொல்லாமல் விட்டதை மறு பக்கமும் நோட்டில் எழுதுங்கள். உங்கள் தம்பி தங்கைக்குப் பட்டாசுப் பெட்டியின் எச்சரிக்கையைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். உங்கள் தந்தையோ தாயோ அச்சகத்திலோ ஆலையிலோ வேலை செய்தால், அவர்கள் வேலை செய்யும் இடத்தில் என்ன படம் மாட்டியிருக்கிறது என்று கேளுங்கள். ஒன்றும் மாட்டவில்லை என்றால், ஒரு தாளை எடுத்து அந்த நான்கு உருவங்களையும் நீங்களே வரைந்து கொடுங்கள். ஐந்தாவதன் மேல் சிவப்புக் கோட்டைப் போட மறந்துவிடாதீர்கள்.